பள்ளத்தாண்டி

அண்ணன் சோபாவில் உட்கார்ந்தான், திலகவதி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மேலே வா, இடமிருக்கு என்று அவன் சொன்னதற்கு, இல்ல, இதுதான் எனக்கு வசதி என்றாள். என்ன வசதி என்று அவனுக்கு எங்கே தெரியும். நாலு மாதமாகத் தன் வீட்டுத் தரையில் இதே மாதிரி உட்கார்ந்து, இதே உயரத்தில் கண்ணை வைத்து, இதே டிவியில் அவள் பழகியிருக்கிறாள். இதே டிவி என்றால் அச்சு அசல் இதே டிவி. போன தீபாவளிக்குக் கருணாகரன் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றைத் தன் ஹாலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தங்கைக்குச் சீர் என்று ஆள் வைத்து அனுப்பியிருந்தான். சுவரை அடைக்கிற அகலம், சுண்டுவிரல் தடிமன். அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, சுரீரென்று கோபம்தான் வந்தது. டிவியை உடைத்தவள் என்று எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவனே எனக்கு டிவி வாங்கி அனுப்புகிறான் பார், எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும் என்று நினைத்தாள். மறந்துவிட்டானா, மறந்த மாதிரி நடிக்கிறானா என்று இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்தாள். மறந்திருந்தால் அது இன்னும் மோசம். அடித்தவன் மறந்துவிட்டுத் தூங்குவான், அடி வாங்கினவள் முப்பத்தொரு வருஷமாகக் கணக்காக ஞாபகம் வைத்துக்கொண்டு புரண்டு படுப்பாள், இது எந்த ஊர் நியாயம். மூன்றாம் நாள்தான் பரணில் கிடந்த அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அந்தப் பெட்டி இப்போது கருணாகரனின் டிவிக்குக் கீழே, பளபளக்கும் கண்ணாடி மேசைமேல், பழுத்த பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. டிவி கேம். ஒரு மஞ்சள் கேசட், இரண்டு கை பட்டன் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா போன பிறகு ராணிப்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது ஆளாளுக்குப் பித்தளையும் எவர்சில்வரும் கேட்டார்கள், திலகவதி இதைக் கேட்டாள். அண்ணன் சிரித்தான். இன்னும் குழந்தையாவே இருக்கே திலகா என்றான். இருக்கட்டும், சிரி என்று அன்றைக்கே கறுவிக்கொண்டுதான் வாங்கிப் போனாள், ஆனால் எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது. புது டிவியில் பழைய வயரைச் செருக ஓட்டை கிடையாது. அதற்கென்று தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி வரவழைத்து, மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் அதில் செருகி, அதை டிவியில் செருகினாள். முதலில் துப்பாக்கியைத்தான் எடுத்தாள். வாத்து சுடுகிற ஆட்டத்தில் அண்ணன் எப்போதும் கோட்டை விடுவான், அதில் அவனை மண்ணைக் கவ்வ வைக்கலாம் என்று எண்ணம். எவ்வளவு சுட்டாலும் ஒரு வாத்து விழவில்லை. பழைய டிவிக் கண்ணாடியின் மினுக்கல் இருந்தால்தான் அந்தத் துப்பாக்கிக்குக் கண் தெரியுமாம், இந்தத் தட்டை டிவி அதற்கு வெறும் சுவர். போய்த் தொலையட்டும் என்று பள்ளத்தாண்டியைப் போட்டாள். கேசட்டில் இருந்த ஆட்டத்துக்கு உண்மையான பேர் ஏதோ இருந்தது, புரியாத எழுத்தில். இவர்கள் வைத்த பேர்தான் பள்ளத்தாண்டி. ஒரு குட்டை ஆள் ஓடிக்கொண்டே இருப்பான், பள்ளம் வரும், விளிம்பில் பட்டனை அழுத்தினால் குதிப்பான், தப்பினால் விழுவான். அவ்வளவுதான் ஆட்டம். முதல் பள்ளத்திலேயே விழுந்தாள். மறுபடி விழுந்தாள். பத்து தடவை விழுந்த பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. பழைய டிவியில் அழுத்தின கணமே ஆள் குதிப்பான். இந்த டிவி பழைய படத்தை வாங்கி, கழுவித் துடைத்து, இழுத்துப் பெரிதாக்கி, அப்புறம்தான் சுவரில் காட்டுகிறது. அதற்குள் அரை இமைப்பு நேரம் ஓடிவிடுகிறது. விளிம்பில் அழுத்தினால் பள்ளத்துக்குள் போய்த்தான் குதிப்பான். விளிம்புக்கு அரை இமைப்பு முன்னாலேயே அழுத்த வேண்டும். அது புரிந்த நொடியில் திலகவதிக்கு உடம்பெல்லாம் ஜில்லென்றது, ஏனென்றால் இது அண்ணனுக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை.

அன்றிலிருந்து நாலு மாதம். வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பின பிறகு, தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், தினம் முக்கால் மணி. கட்டைவிரலுக்கு வேறு வேலையே கொடுக்கவில்லை. முன்னால் அழுத்து, முன்னால் அழுத்து. அவள் வேலை பார்ப்பது காது ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து ஹெட்போனைக் காதில் மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டதும் அழுத்துங்க என்பாள். சிலர் சத்தம் வருவதற்கு முன்பே அழுத்துவார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று பேர் வாங்க வேண்டுமாம். அந்தத் திருட்டை அவள் பதினாறு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அதே திருட்டைத் தன் விரலுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள் தோன்றியது. தோன்றட்டும். திருட்டுக்குத் திருட்டு.

"முதல்ல யாரு?" என்றான் கருணாகரன்.

"நீயே ஆடு. நீதானே எப்பவும் முதல்ல ஆடுவே."

அதில் ஒரு குத்தல் இருந்தது, அவன் கவனிக்கவில்லை. கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தானோ என்னவோ. சமையல்கட்டிலிருந்து கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது, அண்ணி மேகலா அங்கே தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சபாபதி ஜன்னலோரம் தன் மர நாற்காலியில் வெயில் படும்படி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, காதில் மிஷின். காலையில் வந்ததும் வராததுமாகத் திலகவதி செய்த முதல் காரியம் அந்த மிஷினுக்குப் புது பேட்டரி போட்டது. கழற்றித் துடைத்து, சத்தத்தை ஒரு படி ஏற்றி, கேக்குதாப்பா, கேக்குதா என்று மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பியையே கையில் வாங்கினாள். பொண்ணுன்னா பொண்ணுதான், எவ்வளவு அக்கறை பாரு என்றாள் அண்ணி. அக்கறைதான். இன்றைக்கு இந்த ஹாலில் சொல்லப்படப்போகிற ஒரு வாக்கியம் அந்தக் காதில் ஒரு எழுத்து சிந்தாமல் விழ வேண்டும் என்கிற அக்கறை. வாக்கியத்தை அவள் எப்போதோ தயார் செய்து வைத்திருந்தாள். அன்னைக்கு ஆடினது நான்தான்பா, திலகா இல்ல. இவ்வளவுதான். இதை அண்ணன் அப்பாவைப் பார்த்து, தன் பெண்டாட்டி முன்னால், உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தாள். சின்ன வயதில் இவர்களுக்குள் ஒரு சட்டம். தோற்றவர், ஜெயித்தவர் சொல்லித் தருகிற ஒரு வாக்கியத்தை எல்லோரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். நான் ஒரு கழுதை என்று அவளை அப்பாவின் கம்பெனிக் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் நின்று எத்தனை தடவை கத்த வைத்திருக்கிறான். அந்தச் சட்டம் இன்னும் உண்டுல்ல என்று காப்பி குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள். உண்டு உண்டு, பயந்துடாத என்று சிரித்தான். மூணு உயிர், ஒரே உயிரில் யார் அதிகப் பள்ளம் தாண்டுகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். மாட்டினாயா என்று அவள் மனசுக்குள் கைதட்டிக்கொண்டாள்.

கருணாகரனின் குட்டை ஆள் ஓடினான். அகலத் திரையில் இழுபட்டு, அந்தக் காலத்தில் ஒல்லியாக இருந்தவன் இப்போது தொப்பையும் தொந்தியுமாக ஓடினான், அண்ணனைப் போலவே. முதல் பள்ளம். அண்ணன் சரியாக விளிம்பில் அழுத்தினான், அவள் அவன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், துல்லியமாக விளிம்பில். ஆள் விழுந்தான். அழுத்தினேனே என்றான். ம், அழுத்தினே என்றாள். பட்டன் பழசாயிருக்கும் என்றான். இருக்கும் என்றாள். ஆஹா, என்ன ருசி. அழுத்தினேனே, அழுத்தினேனே. செய்யாததற்குப் பழி வருவதும் செய்ததற்குப் பலன் வராமல் போவதும் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரியட்டும். நான்கூடத்தான் சொன்னேன். நான் இல்லப்பா, நான் அடுப்படியில அம்மாகூட இருந்தேன் என்று சொன்னேன், யார் கேட்டார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினைந்து. ஷட்டர் வைத்த டிவி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தோல் கம்பெனியில் அப்பாவுக்கு அது ஒரு அந்தஸ்து. டிவி கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்று குவார்ட்டர்ஸில் எல்லோரும் சொன்னார்கள், அதனால் வாரத்துக்கு ஒரு நாள், அப்பா இருக்கும்போது, அரைமணிதான். ஒரு சாயந்தரம் அப்பா இல்லாதபோது அண்ணன் திருட்டுத்தனமாகப் போட்டான். டப் என்று ஒரு சத்தம், கருகின ரப்பர் நாற்றம், திரை நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது. அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள் அந்தப் புள்ளியைத்தான் பார்த்தாள். அப்பா வந்தார். யாருடா என்றார். அண்ணன் பட்டன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, திலகாதான் ஆடிக்கிட்டிருந்தா என்றான். யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு வேகம். அந்த வேகம்தான் இன்றுவரை அவளை எரிக்கிறது. ஒரு கணம் தயங்கியிருந்தால்கூட, பயந்து போய்ச் சொல்லிவிட்டான் என்று மன்னித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். மன்னித்திருக்க மாட்டாள், அதுவும் அவளுக்குத் தெரியும்.

இப்போது அவள் முறை. விளிம்புக்கு அரை இமைப்பு முன்னால் அழுத்தினாள், ஆள் அழகாகத் தாண்டினான். இரண்டு, மூன்று, நாலு. விரல் தானாக ஓடியது, மனசு போளூருக்குப் போனது. பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு திமிரா, இனி இந்த வீட்டில் இவள் இருந்தால் உருப்பட மாட்டாள் என்று பெல்ட்டால் நாலு விளாசு விளாசிவிட்டு, அடுத்த வாரமே அப்பா அவளைப் போளூரில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஒன்பது, பத்து. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஆறு வருஷம். மாமாவின் சம்சாரம் முடக்குவாதத்தில் படுத்த படுக்கை. எழுந்ததும் அத்தையைத் துடைத்து, பெட்பேனை எடுத்துப்போய்க் கழுவி, மாவாட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம். செய்த தப்புக்குத் தண்டனை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள், செய்யாத தப்பு என்று தெரிந்தும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள், வேறு எப்படி நினைப்பது. பதிமூன்று, பதினாலு. அந்த வீட்டிலும் டிவி இருந்தது. எல்லோரும் உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போது இவள் மட்டும் நடைவாசலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிட்ட வராதே, ஸ்விட்சைத் தொடாதே, இன்னொரு டிவிக்கு நாங்க எங்க போறது. மாமா பிள்ளைகள் புதிதாக வருகிறவர்களிடம் இவளைக் காட்டி, டிவியை வெடிக்க வெச்ச பொண்ணு என்பார்கள். கல்யாணத்தன்றுகூட எவளோ ஒருத்தி மாப்பிள்ளை காதுபட அதைச் சொல்லிச் சிரித்தாள். அண்ணன் ஒரு பொங்கலுக்கு அப்பாவோடு போளூர் வந்தான். தின்பண்டப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான், திமிர் பிடித்தவன். பதினெட்டு, பத்தொன்பது. கண்ணை ஏதோ மறைத்தது, இருபதாவதில் விழுந்தாள். போதும், பத்தொன்பது போதும்.

"அம்மாடி" என்றான் கருணாகரன். "எங்கடி கத்துக்கிட்டே?"

"போளூர்ல" என்றாள். அவன் அதற்குச் சிரிக்கவில்லை.

அவனுடைய இரண்டாவது ஆள் மூன்று பள்ளம் தாண்டினான், அதுவும் பதற்றத்தில் தப்பாக அழுத்தி அது சரியாக அமைந்ததால். நாலாவதில் விழுந்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அழுத்தறப்ப அவன் குதிக்கல, அப்புறம் குதிக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டான், ஆனால் கண்டுபிடிப்பது வேறு, விரலுக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு, அதற்கு நாலு மாதம் வேண்டும். அவன் பின்தலையில் வழுக்கை விழுந்திருப்பதைத் திலகவதி பார்த்தாள். பாவம் என்று எழுந்து வந்த ஒன்றை அப்படியே அமுக்கினாள். அப்பா ஜன்னலோரத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பி, யாரு ஜெயிக்கிறா என்றார். காது நன்றாகக் கேட்கிறது. இன்னும் ஒரு சுற்று, அப்புறம் அந்த வாக்கியம். சொல்லும்போது அவன் குரல் எப்படியிருக்கும், மழுப்புவானா, விளையாட்டாக்கிச் சிரிப்பானா, சிரித்தால் விடக் கூடாது, மறுபடி சொல்லு, அப்பாவைப் பார்த்துச் சொல்லு என்று சொல்ல வேண்டும். அண்ணியின் முகம் எப்படி மாறும். அப்பா என்ன சொல்வார். அப்பா ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளைப் பார்த்தால் போதும். அடடா என்று ஒரு பார்வை. முப்பத்தொரு வருஷத்துக்கு அந்த ஒரு பார்வை.

அந்த நேரம் பார்த்து அண்ணி மேகலா கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம், இதென்னங்க அழுத்தினா லேட்டாப் போவுது என்றாள். மேகலாவுக்கு இந்த டிவியின் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. சீரியலில் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போகிறது என்று ஒரு வாரம் ரிமோட்டை விடாமல் நோண்டிச் சரி செய்தவள். திலகவதி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நாலு மாதம் விரலைப் பழக்கினவள், ரிமோட் யார் கையில் இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

"கேம் மோட்னு ஒண்ணு இருக்கு திலகா, அதப் போட்டா டக்குனு கேக்கும். பாவம், நீயும் சிரமப்பட்டுத்தான் ஆடறே" என்றாள் மேகலா. உனக்கு உதவி செய்கிறேன் என்கிற முகம்.

வேண்டாம் அண்ணி என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது. தாமதம் இருந்தால்தான் நான் ஜெயிப்பேன் என்று சொல்வதா. அதற்குள் திரை ஒரு நொடி இருண்டு திரும்பி வந்தது, நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவளுடைய இரண்டாவது ஆள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தான். முதல் பள்ளம். விரல் பழகினபடி அரை இமைப்பு முன்னால் அழுத்தியது. ஆள் அழுத்தின கணமே குதித்தான், விளிம்புக்கு வெகு முன்னாலேயே எழும்பி, பள்ளத்தின் நட்டநடுவில் இறங்கினான். முதல் பள்ளத்தில். அட, என்ன ஆச்சு என்றாள் மேகலா. கை வழுக்கிடுச்சு என்றாள் திலகவதி. அண்ணன் தன் மூன்றாவது ஆளை எடுத்தான். முதல் பள்ளத்தைத் தாண்டினான். இரண்டாவது. அவன் முகம் மாறியது. சோபாவில் சாய்ந்திருந்தவன் முன்னால் வந்து, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டான், பதினைந்து வயதில் கடித்துக்கொள்வானே அதே மாதிரி. அவன் விரலுக்கு ஒன்றும் மறக்கவில்லை. ராணிப்பேட்டையில் கற்ற விரல் அப்படியே இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. விழு என்று அவள் உள்ளுக்குள் சொன்னாள். விழுந்து தொலை. கரன்ட் போகட்டும், குக்கர் வெடிக்கட்டும், யாராவது காலிங்பெல் அடிக்கட்டும். பதினைந்து. குக்கர் விசிலடித்தது, அவன் அசையவில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்து மூன்றில் விழுந்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

கடைசி ஆள் அவளுக்கு. விளிம்பில் அழுத்து, விளிம்பில் அழுத்து என்று விரலிடம் கெஞ்சினாள். முன்னால் போகாதே, பொறு. பொறுக்கச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே இந்த விரலுக்கு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்து விரலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நாலு தாண்டினாள், ஐந்து தாண்டினாள், வேர்த்துக் கொட்டியது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சத்தத்துக்கு முன்பே அழுத்துகிற கிழவர்கள் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களை எத்தனை சுலபமாகப் பிடித்துவிடுகிறேன் என்று பீற்றிக்கொண்டிருந்தாள். ஆறாவதில் விரல் அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டது. ஆட்டம் முடிந்த பாட்டு டொய்ங் டொய்ங் என்று வாசித்தது. கை பட்டன் பெட்டியைத் தரையில் வைத்தாள், மெதுவாகத்தான் வைத்தாள். சரி, சொல்லு, நான் கழுதையா, எருமையா, என்ன சொல்லணும் என்று கேட்டாள். நாலு மாதம் போனால் போகட்டும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இருக்கிறதா, அப்பாவிடம் இருக்கிறதா, அதுதான் தெரியவில்லை.

கருணாகரன் மஞ்சள் வயரைக் கையில் எடுத்து விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"அண்ணா, உம்மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லு" என்றான்.

மேகலா சிரிக்க ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். சட்டப்படி திலகவதி சொல்லியாக வேண்டும். நான் ஒரு கழுதை என்றால் இந்த அப்பார்ட்மென்ட் முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பாள். இதைச் சொல்ல முடியவில்லை. அப்படியானால் இவனுக்குத் தெரியும், எப்போதும் தெரிந்திருக்கிறது, டிவி அனுப்பினபோதும் தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறான், அன்றைக்குப் போளூர் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றானே அதுவும் இதனால்தான். முடியாது என்று தலையை ஆட்டினாள். என்ன கோவம், யாருக்கு யார்மேல கோவம் என்றார் அப்பா. கருணாகரன் எழுந்து அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் போய் நின்றான்.

"அன்னைக்கு ராணிப்பேட்டைல டிவி போச்சே, அன்னைக்கு ஆடினது நான்தான்பா. திலகா இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன்."

கிட்டத்தட்ட அதே வாக்கியம். அப்பாவின் காதில் ஒரு எழுத்து சிந்தவில்லை. இதற்காகத்தானே வந்தாள், இதோ கிடைத்துவிட்டது, தோற்றும் கிடைத்துவிட்டது. திலகவதி அண்ணனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள், அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தாள். அப்பா காது மிஷினை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தெரியுமே" என்றார். "ஸ்டெபிலைசரக் கழட்டி நான்தான் மேனேஜர் வீட்டு விசேஷத்துக்குக் குடுத்திருந்தேன். கரன்ட் ஏறுச்சு, வெடிச்சுது. மெக்கானிக் மறுநாளே சொன்னான். கேம் ஆடினா எங்கயாவது டிவி கெடுமா?"

அண்ணன் அப்படியே நின்றான். முப்பத்தொரு வருஷம் அவனும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று இப்போது அவன் தோளைப் பார்த்தால் தெரிந்தது. திலகவதி அவன்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். வைத்த இடத்தில் அது இல்லை.

"அப்புறம் என்னை எதுக்குப்பா அனுப்பினீங்க?"

"அனுப்பறதா அதுக்கு முன்னாடியே உங்க மாமாவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே. அவர் சம்சாரத்தப் பாத்துக்க ஒரு பொம்பளப் புள்ள வேணும்னாரு. காரணமில்லாம உங்கம்மா விடுவாளா? டிவி போனது தோதாப் போச்சு." இதைச் சொல்லிவிட்டு, சாப்பாடு ஆச்சாம்மா என்று மேகலாவைக் கேட்டார்.

தோதாப் போச்சு. திலகவதி அதை இரண்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பெல்ட் ஞாபகம் வந்தது. அடிக்கும்போதே அப்பாவுக்குத் தெரியாவிட்டாலும் மறுநாள் தெரிந்திருக்கிறது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்துப் போளூர் போனபோது தெரிந்திருக்கிறது, வழியில் ஆரணியில் இறங்கி அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாரே, அப்போது தெரிந்திருக்கிறது. இனி உருப்படியா இரு என்று புத்தி சொல்லிவிட்டுத் திரும்பினாரே, அப்போதும். நடைவாசலில் உட்கார்ந்து டிவி பார்த்த அந்தப் பெண்ணை அவளுக்கு இப்போது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கறுவிக்கொண்டிருக்கிறாய் நீ, முட்டாளே. கீழே கிடந்த கை பட்டன் பெட்டியை எடுத்தாள், வயர் எவ்வளவு நீளம் வரும் என்று இழுத்துப் பார்த்தாள், ஜன்னலோரம் வரைக்கும் வந்தது.

"அண்ணி, அந்த கேம் மோட எடுத்துடுங்க."

"ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?"

"எடுத்துடுங்க. அப்பா ஆடப்போறாரு."

அண்ணன் அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, முழுக்கப் புரிந்துவிட்டது. சோபாவுக்குப் போகாமல் தரையில் வந்து உட்கார்ந்தான். மேகலா ரிமோட்டை அழுத்த, திரை ஒரு நொடி இருண்டு பழைய நிறத்துக்கே திரும்பியது. எனக்கெதுக்குமா இதெல்லாம், பசிக்குது என்றார் அப்பா. ஒரே ஒரு ஆட்டம்ப்பா, அப்புறம் சாப்பிடலாம் என்று அவர் கையில் பெட்டியை வைத்து, சுருங்கின அந்தக் கட்டைவிரலை எடுத்துப் பட்டன்மேல் பொருத்தினாள் திலகவதி. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கிழவருக்கும் செய்வதுபோல அத்தனை பதமாகச் செய்தாள். பள்ளத்தோட விளிம்பு வந்ததும் அழுத்துங்க, அவ்வளவுதான் என்றாள். தோத்தவங்க, நாங்க சொல்லித் தர்ற ஒண்ண உரக்கச் சொல்லணும்ப்பா, அது இந்த வீட்டுச் சட்டம் என்றாள். என்ன சொல்லணும் என்று கேட்டார். அப்புறம் சொல்றேன் என்றாள்.

குட்டை ஆள் ஓடத் தொடங்கினான். அப்பா கண்ணைச் சுருக்கி, முன்னால் குனிந்து, விளிம்பு வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். விளிம்பு வந்தது. சரியான நேரத்தில்தான் அழுத்தினார்.